பெயரிடுதலும் பெயரழைத்தலும்

சிவமயம்

சைவப் பாடசாலைகளில் ஆசிரியப்பணி பூண்ட அன்பர்களே!

நாடோறும் காலையில் இறைவணக்கம் முடிந்து மாணாக்கர் தத்தம் இடத்தில் அமர்ந்தபின் நாம் செய்யும் முதற்றொழில் யாது? எழுத்தறிவித்தல் அன்று, எண்ணறிவித்தலும் அன்று. இடாப்பை விரித்து வைத்துப் பெயரழைத்தலே முதற்றொழில். செய்து செய்து பழகிவிட்டமையால் இதன்கண் ஒரு பொருள் உண்டென்று நாம் எண்ணுவதில்லை. வேலாயுதம், மாரிமுத்து, சிவகாமி, பழனியாண்டி, மீனாட்சி, கதிரேசன் என்று மேலிருந்து கீழாகச் சரக்குப் பட்டியல் வாசிப்பார்போல வாசித்து, வந்தார்க்கு ஒரு குறியும் வாராதார்க்கு ஒரு குறியும் இட்டு மூடிவிடுகின்றோம். சற்றே நின்று கேட்பின், நாம் வாசித்தது ஒரு நாமாவளி என்பது விளங்கும். கோயிலில் அருச்சகர் செய்வதைப் பாடசாலையில் நாம் செய்கின்றோம். அவர் அறிந்து செய்கின்றார், நாம் அறியாது செய்கின்றோம். வேற்றுமை இவ்வளவே.

ஆகலின், கண்டி நகரத்தும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிலும் வழங்கும் பிள்ளைப் பெயர்களின் பொருளையும் பிறப்பையும் ஆராய்ந்து, பெயர் விடயத்தில் ஆசிரியராயினார்க்கு உரிய கடன் இதுவென்பதை இங்கே பேசப் புகுகின்றோம். இதனை எடுத்துரைக்கும் தகுதி எமக்கு உண்டென்று கருதி எழுதுகின்றோமல்லேம். இவ்விடயத்தில் யாமே ஒரு பெரும்பிழை செய்தவராதலின் எழுதுகின்றோம். அப்பிழையைப் பின்னர்க் கூறுவோம்.

பெயர் என்பது யாது? சித்தாந்த சைவத்தின்படி பரம்பொருளுக்குச் சொரூப நிலையில் பெயருமில்லை, உருவுமில்லை. உயிர்கள் அழைத்து உய்யும்பொருட்டே அவன் கருணையினாற் பெயர்களை ஏற்றுக்கொண்டான். அவன் பெயரேற்றது தனக்காக அன்று, அழைப்பாருக்காக என்பது இதனாற் பெறப்படும். உயிரின் பெயரும் அத்தன்மைத்தே. எந்த மனிதனும் தன் பெயரைத் தான் அழைப்பதில்லை, பிறரே அழைக்கின்றனர். ஒருவனுக்கு உரிமையாயினும் உலகத்தார் அனைவரும் எடுத்தாளும் பொருள் பெயர் ஒன்றே. ஆதலினாலன்றோ நம் முன்னோர் பெயரிடுதலை நாமகரணம் என்னும் சம்ஸ்காரமாக விதித்துச் சடங்காகப் போற்றினர்! இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் பாதம் நான்காக நூற்றெட்டுப் பாதங்களுக்கும் உரிய முதலெழுத்துக்களை வகுத்து, உரோகிணியிற் பிறந்த பிள்ளைக்கு ஒ, வ, வி, வு என்னும் எழுத்துக்களுள் ஒன்று முதலாகப் பெயரிடுக என்றாற்போல முறைசெய்தனர். யாழ்ப்பாணத்தார் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பிள்ளையைப் பெயர்சொல்லி அழைப்பர். சடங்கு சுருங்கினும் விரியினும், பிள்ளையின் காதில் முதன்முதல் விழும் பெயர் தெய்வத்தின் பெயராக இருத்தல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

பிள்ளைக்குப் பெயரிட்டு நாயன்மாராயினார் ஒருவரும் நம் சமயத்தில் உண்டு. அவரே திங்களூர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசு நாயனாரை அவர் கண்ணாற் கண்டதில்லை. அவர் பெருமையைக் காதாற் கேட்டிருந்த மாத்திரமே. கேட்ட அன்பினால் மூத்த மகனுக்குத் திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். இளைய மகனுக்கும் அப்பெயரையே இட்டார். வீட்டில் உள்ள அளவைகளும், பசுக்களும், எருமைகளும், வழிநடப்பார் தாகந்தீர வைத்த தண்ணீர்ப்பந்தரும் அப்பெயரே பெற்றன. ஒருநாள் நாவுக்கரசரே அவ்வழி வந்து பந்தரைக் கண்டு, நும் பெயரை எழுதாது வேறொருவர் பெயரை எழுதியது என்னையென்று வினாவினார். வந்தவர் இன்னாரென அறியாத அடிகள் வெகுண்டார். தம்மை இகழ்ந்திருந்தால் வெகுண்டிரார். பெயரை வேறொருவர் பெயரென்று சொன்னமையே பொறுக்கலாகாததாயிற்று. பின்பு அவ்வீட்டில் மூத்த திருநாவுக்கரசு வாழையிலை அரியப் போய் அரவு தீண்டி இறந்ததும், பெற்றோர் அடியவர் அமுதுசெய்தல் தடைப்படுமென்று அஞ்சி அதனை மறைத்ததும், நாவுக்கரசர் பதிகம் பாடி அவனை எழுப்பியதும் ஆசிரியர்கள் நன்கறிவர். பெயரை ஏற்ற பிள்ளையைப் பெயருக்குரியவர் வந்து காத்தார். பெயர் ஒரு கடன்பத்திரம் போன்றது. இட்டாரையும் ஏற்றாரையும் உரியாரையும் அது ஒருங்கே பிணிக்கும்.

பெரியபுராணத்தைப் பெயர்க்கண் கொண்டு வாசிப்பார்க்கு வேறொன்றும் புலனாகும். அறுபத்து மூவர் பெயர்கள் எல்லாம் ஓசையினிமை நோக்கி இட்டவை அல்ல. வேடர்கோனாகிய நாகன், நெடுநாட் பிள்ளையின்றி முருகனை வழிபட்டுப் பெற்ற மகனைக் கையில் எடுத்தபோது திண்ணென்று இருந்தமையால் திண்ணன் என்றான். அது காட்டுப் பெயர்; பொருளோ உடற்கனம். அப்பெயரோடுதான் அப்பிள்ளை காளத்திமலை ஏறினார். கண்ணப்பர் என்னும் பெயர் கண்ணை இடந்து அப்பிய பின்னரே வந்தது. ஆதனூர்த் தொண்டர், தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிய ஏக்கமே பெயராகித் திருநாளைப்போவார் ஆயினார். நாவுக்கரசருக்கோ பெயர் நான்கு. பெற்றோர் இட்டது மருணீக்கியார். சமணர் இட்டது தருமசேனர். திருவதிகையில் இறைவன் அளித்தது நாவுக்கரசு. ஆளுடைய பிள்ளையார் அழைத்தது அப்பர். காரைக்கால் அம்மையாரை நோக்குக. பெற்றோர் இட்ட பெயர் புனிதவதி. அவரைப் பிரிந்துபோன கணவன் பாண்டிநாட்டிற் பிறந்த தன் மகளுக்கு அத்திருப்பெயரையே இட்டு, மனைவியோடும் மகளோடும் வந்து அவர் அடியில் வீழ்ந்தான். அம்மையாரோ அவ்வுயர்ந்த பெயரை விடுத்துத் தம்மைப் பேய் என்றே பாடிக்கொண்டார். இழிந்த பெயர், உயர்ந்த பெயர் என்று நாம் வகுக்கும் வகுப்பு சிவபிரான் திருமுன்னர்ச் செல்லாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

இனி நம் ஊர்ப் பெயர்களை நோக்குவோம்.

கண்டிச் சீமையில் 1820ஆம் ஆண்டை அடுத்துக் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. பின்னர், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். இவ்விரு பயிருக்கும் உழைத்தவர் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய சீமைகளிலிருந்து வந்த நம் மக்கள். முற்காலத்து வந்தவர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளை வழியாக மலையேறினர். அவர் தலையில் இருந்தது ஒரு சிறு மூட்டை. அதனுட் கோயில் இல்லை, தேரில்லை, குருக்கள் இல்லை. ஆயின் அவர் பெயர்களைக் கேளுங்கள். மீனாட்சி என்ற பெயரில் மதுரை வந்தது. பழனியாண்டி, பழனியம்மாள் என்ற பெயர்களிற் பழனிமலை வந்தது. அழகர்சாமி என்ற பெயரில் அழகர்கோயில் வந்தது. காமாட்சியிற் காஞ்சியும், தாயுமானவனிற் சிராப்பள்ளிக் குன்றும் வந்தன. முனியாண்டியும் கருப்பையாவும் பேச்சியம்மாளும் ஊரெல்லைக் காவற்றெய்வங்களை உடன்கொண்டு வந்தனர். கல்லாற் கோயில் எடுக்கும் காலம் வருமுன்னர், மனிதவுடம்புகளையே கோயிலாக்கி அத்தெய்வங்கள் இம்மலைகளிற் குடியேறின. பின்னரன்றோ லயத்துக்கு ஒரு காளிகோயிலும், தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் கோயிலும், மாத்தளையில் மாசிமகத்து ஐந்து தேர் ஓடும் முத்துமாரியம்மன் கோயிலும் எழுந்தன! பெயர் முன், கோபுரம் பின்.

மாரி என்னும் சொல்லுக்கு மழை என்பது பொருள். மழையை நம்பிய உழவர் மழையையே தாயென்றனர். முத்து என்பது கடல்முத்து மாத்திரமன்று. வைசூரி கண்ட உடம்பிற் காணும் கொப்புளத்தையும் நம்மவர் முத்தென்றே வழங்கினர். நோயென்று சொல்ல அஞ்சி, அம்மை வந்தாள், முத்து வாரினாள் என்றனர். ஆகவே மாரிமுத்து, முத்துமாரி, முத்தம்மாள் என்னும் பெயர்களுட் பல, அந்நோய்க்கு நடுங்கிய தாய்மாரின் வேண்டுதலால் எழுந்தவை. அவ்வைசூரி உலகினின்றும் ஒழிந்ததென்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் ஒழிந்தது, அதனை வென்று பிழைத்த பிள்ளையின் பெயர் இன்றும் நம் இடாப்பில் நிற்கின்றது. சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியர் இதனினும் நல்ல பாடத்தை எந்நூலிற் காண்பார்?

கண்டி நகரத்துட் கடைவைத்தும் உத்தியோகம் பார்த்தும் வாழ்ந்த யாழ்ப்பாணத்தாரும் அவ்வாறே தம் தலங்களைப் பெயரிற் சுமந்து வந்தனர். கந்தையாவும் கந்தசாமியும் பெரும்பாலும் நல்லூரை நினைந்து இட்டவை. நாகம்மாவும் நாகலிங்கமும் நயினாதீவு நாகபூஷணியை நினைந்தவை. கோணேஸ்வரன் திருகோணமலையையும், கேதீஸ்வரன் மாதோட்டத்தையும் சொல்லாமற் சொல்லும். கதிர்காமநாதனோ மலையாருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் பொது. நம் அயலவராகிய சிங்களவருக்கும் பொது. கண்டி எசல பெரஹராவில் கதிர்காமத் தேவாலயத்து ஊர்வலம் வருங்கால் நம் கைகளும் தாமே குவிகின்றன அன்றோ!

இந்நகரத்து அரசிருக்கையும் பெயர் விடயத்தில் ஒரு பாடம் புகட்டுகின்றது. கண்டியின் கடைசி மன்னர் 1798இல் முடிசூடியபோது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்னும் பட்டப்பெயர் பெற்றார். அவர் நாயக்கர் குலத்தவர். பிள்ளைப் பெயர் கண்ணுசாமி. 1815இல் அரசிழந்து, வேலூருக்கு அனுப்பப்பெற்று, 1832இல் அங்கே இறந்தார். பட்டப்பெயரை முடியோடு கழற்றலாம்; தாய் அழைத்த பெயரைக் கழற்றுவார் யார்? கண்ணுசாமிகள் இன்றும் நம் தோட்டங்களில் உளர். அப்பெயரைக் கேட்டு நகைக்கும் நகரத்து மாணாக்கனுக்கு, அஃது இம்மண்ணை ஆண்ட அரசரின் வீட்டுப் பெயரென்று சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தல் எளிது. இடர்ப்பாடு வேறொரு வகைப் பெயர்களால் வருவது. குப்பன், குப்பாயி, பிச்சை, பிச்சையம்மாள், மண்ணாங்கட்டி, தவிடன், மூக்கன், மூக்காயி என்பவற்றை இடாப்பிற் காணும் ஆசிரியர் முகம் சுளிக்கின்றார், மாணாக்கர் சிரிக்கின்றனர். இப்பெயர்களின் பிறப்பு யாது? அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்த வீட்டில் மீண்டும் ஒரு பிள்ளை பிறந்தால், அதனைக் குப்பைமேட்டிற் கிடத்தி, இது குப்பை, எமக்கு உரியதன்று என்று சொல்லி எடுத்து வந்து குப்பன், குப்பாயி என்றழைப்பர். அயல்வீட்டாருக்குத் தவிட்டுக்கு விற்று மீள வாங்கித் தவிடன் என்பர். மூக்குக் குத்தி நேர்ந்து மூக்கன், மூக்காயி என்பர். தெய்வத்திடம் மடிப்பிச்சை ஏந்திப் பெற்றமையால் பிச்சை என்பர். அருமையான பொருளை மறைப்பார் அதன்மேற் கந்தையைப் போர்த்தலன்றோ வழக்கம்! காலன் கண்ணுக்குப் பிள்ளையை மறைப்பதற்கு ஏழைத்தாய் கண்ட கந்தை அப்பெயர். பொருள் இழிவன்று, அன்பின் மிகுதியால் இழிவு பூண்டது.

சைவர் இதற்கு நாணுதல் எங்ஙனம் பொருந்தும்? நம் பெருமான் பிச்சாடனர் என்னும் பெயருடையார். கபாலம் ஏந்தினார், சுடலை நீறு பூசினார். சுடலைமுத்து என்று பிள்ளைக்குப் பெயரிடும் துணிவு உலகில் வேறெந்த மக்களுக்கு உண்டு? உலகம் கழித்தவற்றையெல்லாம் தன் திருமேனியில் அணிந்தவனை வணங்குகின்றவர், குப்பாயி என்னும் பெயரை இடாப்பினின்றும் கழிக்கலாமோ?

யாம் கழித்தோம். அப்பிழையை இனி உரைக்கின்றோம்.

யாம் இளமையில் மிஷன் பாடசாலை ஒன்றிற் கற்றவர். எமக்கு எழுத்தும் ஒழுங்கும் தந்தார் அப்பாடசாலையார், அந்நன்றியை மறவேம். ஆயின் அங்கே ஓராசிரியர், எம் பெற்றோர் நேர்த்திவைத்து இட்ட நீண்ட சிவநாமத்தை நாவிற்கு எளிதாகவேண்டித் தறித்து, ஈரெழுத்தாக்கி அழைத்தார். மாணாக்கரும் அவ்வாறே அழைத்தனர். சிவன் போய் எஞ்சிய அத்துண்டு பத்தாண்டு எம்மேல் ஒட்டிக் கிடந்தது. அக்காலத்தே, பழைய மிஷன் பாடசாலைகளின் பெயர்மாற்றச் சரித்திரத்தை வாசித்து மனங்கொதித்ததுண்டு. 1823இல் வட்டுக்கோட்டையில் எழுந்து 1855 வரை நடந்த அமெரிக்க மிஷன் செமினரியில், பொருளுதவி செய்த அமெரிக்கர் பெயர்களை நம் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆயினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய விசுவநாதபிள்ளை கறல் ஆயினார். அவர்தம் புலமைக்கு அதனாற் குறைவு வந்ததில்லை. எனினும், கொடுத்த பணத்திற்குப் பிள்ளையின் பெயர் கைம்மாறாவதோ என்று கனன்றோம். மிஷன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாரோடு உடனிருந்து உழைத்தும், தந்தையார் இட்ட ஆறுமுகம் என்னும் பெயரோடே வெளிவந்து 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை கண்ட நாவலர் பெருமானை நினைந்து தலைநிமிர்ந்தோம்.

அவ்வாறு தலைநிமிர்ந்த யாம், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்த் தெல்தோட்டைப் பக்கத்து மலைப் பாடசாலை ஒன்றில் இளம் ஆசிரியராய் இருந்தபோது, ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைச் சேர்க்கவந்தனர். பெயர் என்னவென்றோம். குப்பாயி என்றனர். பிறப்புச் சான்றிதழைப் பின்னர்த் தருவதாகச் சொன்னார்கள். யாம் முறுவலித்து, பாடசாலைக்கு இப்பெயர் ஆகாதென்று, குமுதினி என்று இடாப்பில் எழுதினோம். ஆம்பற்பொய்கை என்னும் அதன் பொருளையும் எடுத்துரைத்து எம் புலமையை மெச்சிக்கொண்டோம். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. தாயும் ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்து கொய்யும் நேரம் கழிகின்றதென்று ஓடிவிட்டாள்.

மறுநாள் பிள்ளையின் பாட்டி வந்தாள். வாயிலில் நின்று, "ஐயா, மூன்று பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தோம். இது நாலாவது. மாரியாத்தாளுக்கு முன்னால் குப்பையிலே போட்டு எடுத்த உயிர். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் இதைப் பிடித்து வைத்திருக்கிறோம். பெயரை எடுத்துவிட்டீர்களாமே?" என்றாள். யாம் மூடநம்பிக்கையின் தீமை குறித்து ஒரு பிரசங்கம் செய்தோம். கிழவி முழுவதும் கேட்டாள். பின்பு, "நீங்கள் படித்தவர்கள், ஐயா" என்று சொல்லிக் கும்பிட்டுப் போனாள். அச்சொல்லை அன்று புகழ்ச்சியென்று கொண்டோம்.

சில ஆண்டுகளின் முன்னர், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கண்டியில் எம் இல்லம் தேடி வந்தாள். அவளே அப்பிள்ளை. எட்டாம் வகுப்போடு கல்வியை நிறுத்தியவள். தாய் இறந்துவிட்டாள், தாயின் ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வரவில்லை. என்னையெனின், பணத்திற்கு உரியவளாகத் தாய் கொடுத்த பெயர், பாடசாலைக் கடிதத்திற் கண்டபடி, குமுதினி. பிறப்புச் சான்றிதழிலும் தேசிய அடையாள அட்டையிலும் உள்ள பெயர் குப்பாயி. குமுதினி என ஒருத்தி உலகில் இல்லை. அலுவலகத்தாரைக் குறைகூற இடமில்லை. அவர் ஏட்டைப் பார்த்தனர், ஏட்டிற் பொய் எழுதியவர் யாமே. பதினான்கு மாதமாக நடக்கின்றாள். சமாதான நீதவான் முன்னிலையில், இருபெயரும் ஒருத்தியையே குறிப்பன என்று சத்தியக் கடதாசி எழுதிக் கையொப்பமிட்டோம்.

ஒப்பமிட்டபின், உனக்கு எப்பெயர் உவப்பென்று கேட்டோம். சற்று நேரம் தலைகுனிந்திருந்தாள். "எனக்கு இரண்டும் பழகிவிட்டது, ஐயா. ஆனால், பாட்டி தெருவில் என்னைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாததுபோல் நடப்பேன். சாகும்வரை அப்படித்தான். அந்த வெட்கம் எனக்கு வீட்டில் இருக்கவில்லை; பள்ளிக்கூடத்தில்தான் வந்தது" என்றாள்.

அன்பர்களே! நாம் பள்ளிக்கூடத்திற் கற்பித்தவற்றுள் அப்பிள்ளை மறவாமற் பயின்றது அவ்வொன்று. அமெரிக்கர் பெயரைச் சூட்டிய பாதிரியாரைக் குறைகூறிய வாயால் இனி யாது பேசுவோம்? அவர் தாம் உயர்ந்ததென்று கருதியதை இட்டார். யாமும் எமக்கு உயர்ந்ததாகத் தோன்றியதை இட்டோம். இருதிறத்தாரும் தாயைக் கேட்டிலர். வேற்றுமை ஒன்றுண்டு. அவர் வேற்றுச் சமயத்தார். யாமோ நெற்றியில் நீறணிந்து நின்று, மாரியாத்தாள் அளித்த பெயரை மாற்றினோம்.

பெயர்ப்பிழை மலையகத்தாருக்குச் சிறுபிழையன்று என்பதை நகரத்து ஆசிரியர் சிறப்பாக உணர்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964இற் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. எஞ்சியோர் குறையைத் தீர்க்கும் சட்டம் 2003 வரை வந்துகொண்டிருந்தது. இத்தனை ஆண்டும் விண்ணப்பம், பதிவேடு, செக்ரோல், சான்றிதழ் என்னும் ஏடுகளே அவர் விதியை எழுதின. கேட்ட காதுக்குத் தக்கபடி எழுதுவோர் எழுத, இலட்சுமி ஓரேட்டில் லெச்சுமியும், மற்றோரேட்டில் லெட்சுமியும் ஆனாள். தாளில் மூன்று பெண்கள்; லயத்தில் ஒருத்தி. நிலமும் இல்லாத, வீடும் தமதல்லாத மக்களுக்குப் பெயர் ஒன்றே பிதிரார்ச்சிதம். அதனையும் நாம் சிதைத்தல் தருமமன்று.

அற்றேல், இட்ட பெயரெல்லாம் நன்றென்று கொள்ளல் வேண்டுமோ எனின், வேண்டா. தமிழகத்துத் திருத்தணிப் பக்கத்து ஊர்களில், பெண் பிறந்தது போதுமென்று கருதுவார், அடுத்தது ஆணாகுமென நம்பி, மகளுக்கு வேண்டாம் என்றே பெயரிட்டதுண்டு. குப்பாயி என்பது பிள்ளை வேண்டுமென்று இட்ட பெயர்; இஃது பிள்ளை வேண்டாவென்று இட்ட பெயர். முன்னதன் புறம் இழிவு, அகம் அன்பு. பின்னதற்கு அகமும் புறமும் இழிவே. இத்தகைய பெயரைப் பெற்றோரோடு இருந்து பேசிச் சட்டமுறைப்படி அவரைக்கொண்டே மாற்றுவித்தல் ஆசிரியர் கடன். இடாப்பிற் களவாக மாற்றுதல் கடனன்று.

இக்காலத்துப் பெயர்களையும் ஒரு சொற் கூறி அமைவோம். ஷன் என்றும் ஷிகா என்றும் முடியும் ஓசைகளை ஒட்டவைத்து, பொருள் யாதென்று பெற்றோரும் அறியாத பெயர்கள் பெருகுகின்றன. ஆங்கில எழுத்துக்களை எண்ணாக்கிக் கூட்டி, ஓரெழுத்தை இரட்டித்தும் குறைத்தும் பெயரிடுவார் பலர். இவ்வெண்சாத்திரம் நம் ஆகமத்திலும் இல்லை, சோதிடத்திலும் இல்லை. நம்மவர் பின்பற்றுவது பெரும்பாலும் கீரோ என்னும் புனைபெயருடைய அயர்லாந்து நாட்டவர் ஒருவர், 1866 முதல் 1936 வரை வாழ்ந்தவர், தம் நூல்களாற் பரப்பிய முறை. நூற்றெட்டுப் பாதத்துக்கும் எழுத்து வகுத்த முன்னோரை விட்டு, அந்நியர் அரிச்சுவடியில் நம் பிள்ளையின் அதிட்டத்தைத் தேடுதல் நகைப்புக்கிடமன்றோ? பெற்றோர் கூட்டத்தில் இதனைத் தெளிவாகவும் இன்சொல்லாலும் எடுத்துரைத்தல் வேண்டும். ஆயினும், அத்தகைய பெயருடைய பிள்ளையை வகுப்பில் நிறுத்தி, உன் பெயருக்குப் பொருள் உண்டோ என்று நாணச்செய்தல் ஆகாது. பெயரைப் பிள்ளை தெரிந்துகொண்டதில்லை. குப்பாயிக்குச் செய்த பிழையை வேறொரு வாயிலால் மீண்டும் செய்யாதிருப்போமாக.

ஆகலின் ஆசிரியப் பெருமக்காள்! ஆண்டுத் தொடக்கத்தில் இடாப்பு எழுதுங்கால் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதுக. சான்றிதழ் இல்லையேல், தாய் சொன்னபடி எழுதி, சான்றிதழ் வந்தவுடன் ஒப்புநோக்குக. பெயரைத் தறித்து அழையாது முழுதும் அழைக்க. முதற் கிழமையிலேயே ஒவ்வொரு பிள்ளையையும், உன் பெயரை யார் இட்டார், எக்கோயிலை நினைந்து இட்டார் என்று வீட்டிற் கேட்டுவரச் செய்க. பாட்டிமார் உள்ள வீடுகளில் அன்றிரவு விளக்கு நேரங்கழித்தே அணையும். பிள்ளை கொண்டுவரும் விடையை வகுப்பார் கேட்கும்படி நாமே எடுத்துச் சொல்லின், மறுநாள் அப்பெயருக்கு நகைப்பார் ஒருவரும் இரார்.

அப்பூதியடிகள் காணாத ஒருவர் பெயரைப் போற்றி நாயனாராயினார். நம் முன்னர் நாற்பது பிள்ளைகள் கண்காண வீற்றிருக்கின்றனர். அவர் பெயரைப் போற்றுதல் நமக்கு அரிதோ? நாளைக் காலையில் இடாப்பை விரிக்குங்கால் ஒரு கணம் நின்று, அஃது ஒரு தாய் தெய்வத்தை அழைத்த அழைப்பென்று நினைந்து, முதற் பெயரைத் தொடங்குக. பிள்ளை "உள்ளேன் ஐயா" என்னும். அவ்விடையைப் பிள்ளை நாணமின்றிச் சொல்லுமாயின் அன்றைய சைவபாடம் இனிதே தொடங்கிற்றென்க.

திருச்சிற்றம்பலம்.